ஜனரஞ்சகப் படகு

'உற்சாகம்' நிறுவனத்தின் வழியாகக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆட்டத்தைத் திறக்கும்போதும் மூடும்போதும், நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று அது கேட்கும். திரையில் ஐந்து முகங்கள் வரும். ஒரு கோடியில் அழுகிற முகம், மறு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம். ஏதாவது ஒன்றை அழுத்தியே ஆகவேண்டும். அழுகிற முகத்தை அழுத்தினால் ஏன் என்று கேட்கும். அப்படி விளையாடுகிற பல்செட்காரர் ஒருவர் ஒருமுறை வெகுளியாக 'முதுகு வலி' என்று பதில் எழுதிவிட்டார். கப்பலில் மூட்டை ஏற்றுகிற ஆட்டம் ஒன்றை வாங்கச் சொல்லி அது அவரை ஒரு வாரம் நச்சரித்தது. அன்றிலிருந்து அவர் சிரிக்கிற முகத்தையே அழுத்திவந்தார். தொழில்முறையில் பார்த்தால் அந்த முகத்துக்கு மேல்வரிசையில் இரண்டு பல் அதிகம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பல்செட்காரர் வேலை பார்ப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில். வாயில் அச்சு எடுப்பது, மெழுகில் ஈறு கட்டுவது, அதில் பல்லை வரிசையாக நடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அச்சில் சாந்து ஊற்றுகிறவருக்கு சிமெண்டு என்று பெயர். ஊற்றிய சாந்து இறுகிவிடும். அவருடைய வாய் மட்டும் இறுகவே இறுகாது.

"இந்த வயசுல கம்ப்யூட்டர்ல படகு ஓட்டுறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா அண்ணே? குளத்துல ஓட்டினாலாவது கொஞ்சம் காத்து வரும்" என்பார்.

பல்செட்காரர் விளையாடியது ஒரே ஓர் ஆட்டம். 'அக்கரைப் படகு' என்று பெயர். மூடுபனி கவிந்த ஓர் ஆறு. அதில் ஒரு படகு. இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். ஒருவர் சுக்கான் பிடிப்பார். மற்றவர், வளைவு வந்தாலோ எதிரே படகு வந்தாலோ சங்கு அடிப்பார். ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரையில் இறக்கிவிட்டு, அங்கே நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை.

சுக்கான் பல்செட்காரருக்கு, சங்கு அவருடைய அக்காவுக்கு. அக்கா ரயிலில் ஒரு நாள் பயண தூரத்தில், வேறு ஊரில் மகளோடு இருந்தாள். இரண்டு பேரும் மைக்கில் பேசிக்கொண்டே வருஷக்கணக்காக அந்த ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டு என்றால், அக்கா திட்டுவாள், தம்பி கேட்டுக்கொள்வார். "டேய், கரை இந்தப் பக்கம்டா! கண்ணை எங்க அடகு வச்சிருக்கே?"

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. கழுத்துக்குக் கீழே அவள் சொன்னபடி கேட்டது வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான் வைத்த ஒரு பலகை கொடுத்தார்கள். அக்கா அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். படம் காட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள். சுவரைத்தான் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் அவள் மகள் வேறு வழி தெரியாமல் படகைத் திறந்து, அம்மாவின் விரலை எடுத்துக் கீபோர்டின் நீளமான கட்டையில் வைத்தாள். பனிக்குள் வளைவு வந்தது. சங்கு ஒலித்தது.

அன்றிலிருந்து அதுதான் பேச்சு. ஒரு சங்கு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. விடாமல் நீளமாக அடித்தால், மடையா. ஆஸ்பத்திரிப் பலகையில் மடையா என்று சொல்ல வழி கிடையாது. அக்கா அதைத் தொடாததற்குக் காரணம் அதுதான் என்பது தம்பியின் முடிவு.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து படகில் ஏறுவார்.

"அக்கா, சாப்பிட்டியா?"

ஒரு சங்கு.

"வலி இருக்கா?"

இரண்டு.

"பொய்தானே சொல்றே?"

நீளச் சங்கு. அக்கரையில் நிற்கிற சைக்கிள்காரர்களே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அப்படியிருக்கையில் ஒரு திங்கட்கிழமை, முகத்தை அழுத்தி உள்ளே போனால், திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. மேளச் சத்தம் கேட்டது. 'வாழ்த்துகள்! நீங்கள் விளையாடும் ஆட்டம் ஓய்வு பெறத் தேர்வாகியிருக்கிறது!' என்று எழுத்துகள் குதித்துக் குதித்து வந்தன. கீழே சின்ன எழுத்தில் விவரம். ஜனரஞ்சகம் குறைந்த ஆட்டங்கள் மாதக் கடைசியில் நீக்கப்படும். அக்கரைப் படகை உலகத்தில் மொத்தமே நாலு பேர்தான் விளையாடுகிறார்கள்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் இவர்கள். மற்ற இரண்டு பேர் யாரென்று தெரியாது. எதிர்ப்படகில் வருவார்கள். அக்கா சங்கு அடித்தால் அடக்கமாகப் பதில் சங்கு அடித்துவிட்டுப் பனிக்குள் போய்விடுவார்கள். நல்ல மனுஷர்கள் என்று பல்செட்காரருக்கு அவர்கள்மேல் தனி மரியாதை இருந்தது.

உற்சாகத்தின் உதவிப் பகுதிக்கு எழுதினார். 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி' என்று பதில் வந்தது. தீரவில்லை என்று எழுதினார். 'மீண்டும் தீர்ந்ததில் இரட்டிப்பு மகிழ்ச்சி' என்று வந்தது. லீவு போட்டுவிட்டு நேரில் கிளம்பிவிட்டார்.

உற்சாகத்தின் அலுவலகம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே எல்லாமே ஜனங்களின் விருப்பப்படி நடந்தது. காபி, டீ, பால், பழரசம் என்று நாலு குழாய் வைத்த இயந்திரம் ஒன்று இருந்தது. குறைவாக விரும்பப்பட்டதை மாதம் ஒன்றாக அடைத்துக்கொண்டே வந்ததில் காபி மட்டும் பாக்கி இருந்தது. சர்க்கரையையும் சர்க்கரை இல்லாததையும் மோதவிட்டுச் சர்க்கரை ஜெயித்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரரான வாசல் காவலர், வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தபடி வழி சொன்னார்.

"குறைதீர்க்கும் பிரிவா? நாலாவது மாடி. படியில போங்க. லிஃப்ட் அங்க நிக்காது."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லீங்க. அந்த மாடிப் பொத்தானை யாரும் அழுத்துறதில்ல. அதனால எடுத்துட்டாங்க."

"நான் அழுத்துவேனே?"

"நீங்க ஒருத்தர்தானே?" என்றார் காவலர். பாவமாக இருந்தது அவருக்கு.

நாலாவது மாடியில் ஜனரஞ்சக மேலாளர் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள் முகம் பார்த்து நாளாயிற்றாம்.

பல்செட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பக்கவாதம், விரல், சுவர், சங்கு. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மேலாளரின் கண் கலங்கிவிட்டது. "அற்புதம் சார்! இதை எங்க ஆண்டு மலர்ல போட்டுக்கலாமா?"

"போட்டுக்குங்க. ஆட்டத்தை எடுக்காதீங்க."

"நாங்க எங்க சார் எடுக்கறோம்? நாங்க ஒரு ஆட்டத்தையும் எடுக்கறதில்ல. மக்கள் எடுக்கறாங்க. நாங்க வெறும் கதவு. மக்கள் வந்தா திறப்போம், வரலைன்னா சாத்துவோம். கதவுமேல கோபப்படலாமா?"

"நான் வாங்கின ஆட்டம் சார் அது. என்னுதுதானே?"

மேலாளர் குழந்தைக்குச் சொல்வதுபோலப் புன்னகை செய்தார். "நீங்க வாங்கினது ஆட்டத்தை இல்ல சார். ஆட்டத்தை விரும்புற உரிமையை. அதை யாரும் உங்ககிட்டேருந்து பறிக்க முடியாது. ஆட்டம் போன பிறகும் நீங்க தாராளமா விரும்பிக்கிட்டே இருக்கலாம்."

"அக்கா ரொம்ப ஆசைப்படறாங்க சார்."

"பாருங்க, ஒருத்தங்க ஆசைப்பட்டா அதுக்குப் பேரு ஆசை. ஆயிரம் பேர் ஆசைப்பட்டா அதுக்குப் பேரு தரவு. ஆசையை வச்சுக்கிட்டு நாங்க என்ன சார் பண்றது? அதை எந்தக் கட்டத்துல போடறது?" மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொன்னா உங்க ஆட்டத்துல நாலு பேர்கூட இல்ல. அந்த எதிர்ப்படகு எங்க மெஷின். ஆட்டம் ஓடுதான்னு பார்க்க நாங்களே விட்டு வச்சது. சங்கு கேட்டா பதில் சங்கு அடிக்கும்."

எதிர்ப்படகுக்காரர்களுக்குப் புது வருஷத்துக்கு வாழ்த்துச் சொன்னது பல்செட்காரர் ஞாபகத்துக்கு வந்தது.

"ஆயிரம் பேர் வந்தா விட்டுடுவீங்களா?"

"சனிக்கிழமை சாயங்காலம் கணக்கெடுப்பு. அந்த நேரத்துல ஆயிரம் பேர் படகுல இருந்தாங்கன்னா, நானே நினைச்சாலும் எடுக்க முடியாது. அதுதான் சார் ஜனநாயகம்."

ஆயிரம் பேருக்கு எங்கே போவது? பல்செட்காரருக்குத் தெரிந்தவர்களை எண்ண இரண்டு கை போதும். சிமெண்டுதான் வழி சொன்னார்.

"அண்ணே, தினம் எத்தனை பேர் உங்க முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கான்? அவனால எழுந்து ஓட முடியுமா?"

அச்சு எடுக்கும்போது மாவு நிறைந்த தட்டை வாய்க்குள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மாவு இறுகும்வரை ஆள் பேசக்கூடாது. தலையை ஆட்டவும் கூடாது. ஆட்டினால் அச்சு கெட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அத்தனை வருஷம் அந்த மௌனத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், அந்த வாரம் முழுக்கப் பேசினார்.

"ஐயா, எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் நீங்க ஒரு படகுல ஏறி நிக்கணும். சும்மா நின்னா போதும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

ஐயா வாயில் மாவோடு "ம்ம்" என்பார்.

"ரொம்ப நன்றிங்க. வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே போனவர்கள் வீட்டில் சொன்னார்கள். அவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ரிடையரான தபால்காரர் ஒருவர் தன் பழைய சங்கம் முழுவதையும் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பல்செட்காரர் படகைத் திறந்தார். ஐந்து முகங்களுக்குப் பதில் மூன்றுதான் வந்தன. அழுகிற முகத்தையும் வாட்டமான முகத்தையும் யாரும் அழுத்துவதில்லை என்று எடுத்துவிட்டிருந்தார்கள். சிரிக்கிற முகத்தை அழுத்தி உள்ளே போனார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பனிக்குள் எங்கே பார்த்தாலும் படகு. பாதிப் படகுகள் தலைகீழாக. ஒருவருக்கும் ஓட்டத் தெரியவில்லை. எந்தக் கட்டை சங்கு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொக்கைவாய்க் கிழவர்களும் அவர்கள் சம்பந்திகளும் சேர்ந்து அடித்த சங்கில் கம்ப்யூட்டர் மேஜை அதிர்ந்தது.

"அக்கா! இவ்வளவு பேரும் உனக்காக வந்திருக்காங்க! தெரியுதா?"

அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் தங்கள் படகின் சங்கு அவருக்குத் தனியாகக் கேட்டது. நீளமாக, விடாமல். மடையா, மடையா, மடையா. அக்கா மகள் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, அம்மா முகத்தைப் பாக்கணுமே நீங்க!"

ஆட்டம் பிழைத்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையையும் நிறுத்தியிருக்கலாம்.

அன்றைக்கு நடந்த கூத்தை யாரோ படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்கள். உலகத்திலேயே மட்டமான ஆட்டம் என்று சொல்லிக் காட்டினார்கள். மட்டமான ஆட்டத்தைப் பார்க்க ஜனம் திரண்டது. அடுத்த வாரத்துக்குள் அக்கரைப் படகு ஜனரஞ்சகப் பட்டியலில் முதலிடம். படகில் ஏற இப்போது வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பல்செட்காரர் ஆஸ்பத்திரியில் மெழுகு உருக்கும்போதே வரிசையில் இடம்பிடித்து வைத்துக்கொள்வார். அவர் உள்ளே போகும்போது அக்கா வெளியே நிற்பாள். அக்கா உள்ளே வந்தால் இவர் தள்ளப்பட்டிருப்பார். ஆற்றில் ஆளாளுக்கு முட்டிக்கொண்டார்கள். பயணிகளைத் தண்ணீரில் தள்ளுவதற்குப் போட்டி வைத்தார்கள். அந்த மாதத்தில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆற்றைக் கடந்தது இரண்டே தடவை.

"வலி இருக்கா அக்கா?" என்று இரண்டாவது தடவை கேட்டார். ஒரு சங்கு. முதல்முறையாக உண்மையைச் சொன்னாள். அதற்குமேல் கேட்பதற்குள் யாரோ பின்னாலிருந்து மோதிப் படகு கவிழ்ந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் உற்சாகம் அவருக்கு விழா எடுத்தது. பெரிய அரங்கம். வந்தவர்களின் கைதட்டலை அளக்க மேடையோரத்தில் ஒரு மீட்டர் இருந்தது; முள் பச்சைக்கு வரும்வரை தட்ட வேண்டும். பல்செட்காரரின் தோளில் வழவழப்பான துணி ஒன்றைப் போர்த்தி 'முதல் ரசிகர்' என்று எழுதிய கண்ணாடிக் கட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். ஜனரஞ்சக மேலாளர் பேசினார். இப்போது அவர் அறை லிஃப்ட் நிற்கிற மாடிக்குப் போயிருந்தது.

"நண்பர்களே! இந்த எளிய மனிதர் ஒருநாள் என்னிடம் வந்து அழுதார். ஓர் அக்காவுக்காக ஆட்டத்தை விடுங்கள் என்றார். நான் அன்றைக்கே மறுத்தேன். மறுத்ததால்தான் இன்று கோடிப் பேர் படகில் இருக்கிறார்கள். நாம் ஒருவருக்குச் செவிசாய்த்திருந்தால் அது இரக்கம். ஒருவருக்கும் செவிசாய்க்காமல் எல்லோரையும் எண்ணுகிறோம் பாருங்கள், அதுதான் சேவை!"

முள் பச்சைக்கு வந்தது.

"எண்ணியதோடு விட்டோமா? மக்களைக் கேட்டோம். மூடுபனி பிடிக்கவில்லை என்றார்கள். எடுத்துவிட்டோம். அக்கரை தூரமாக இருக்கிறது என்றார்கள். பக்கத்தில் கொண்டுவந்துவிட்டோம். சங்கு அடிப்பதுதான் அலுப்பான வேலை என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆகவே திங்கட்கிழமை முதல் எந்த மனிதனும் சங்கு அடிக்க வேண்டியதில்லை. தானாக அடிக்கும்! யார் பேசினாலும் பதிலுக்கு ஒரு சங்கு. முன்பு மெஷினை இரண்டு தடவை அடிக்கவிட்டும் பார்த்தோம். எதிர்மறையாக இருக்கிறது என்றார்கள். ஒன்றுதான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது!"

பல்செட்காரர் எழுந்து மைக்கின் அருகே போனார். "சார், சங்கை மட்டும் விட்டுடுங்க. சங்கு எங்க அக்கா..."

மைக் வேலை செய்யவில்லை. உதடு அசைவதைப் பார்த்து நன்றி சொல்கிறார் என்று எண்ணிய கூட்டம் முள் பச்சையைத் தாண்டும்வரை கைதட்டியது.

விருதோடு ஒரு சலுகையும் கொடுத்திருந்தார்கள். முதல் ரசிகருக்கும் அவர் விரும்பும் ஒருவருக்கும் இனி வரிசை கிடையாது. ஆகவே திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவும் தம்பியும் தடையில்லாமல் ஒரே படகில் ஏறினார்கள். பனி இல்லாத ஆறு, வெள்ளையடித்த சுவர்போல வெளிச்சமாக இருந்தது. அக்கரை கையெட்டும் தூரத்தில் நின்றது.

மேடையில் ஆயிரம் சொல்வார்கள், கட்டையை அழுத்தினால் அக்காவின் சங்கும் கேட்காமலா போகும் என்று பல்செட்காரர் தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

"அக்கா, சாப்பிட்டியா?"

ஒரு சங்கு. அவருக்கு மூச்சு வந்தது.

"மருந்து போட்டாச்சா?"

ஒரு சங்கு.

"நல்லா தூங்கினியா?"

ஒரு சங்கு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் சீக்கிரம் பதில் வருகிறது, அவ்வளவுதான். அக்கா அவ்வளவு சீக்கிரம் விரலை எடுத்து வைக்கமாட்டாள்.

பல்செட்காரர் சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினார். வேண்டுமென்றே திருப்பினார். படகு பாறையை நோக்கிப் போனது. சைக்கிள்காரர்கள் கத்தினார்கள்.

"அக்கா, பாத்தியா, கரையில முட்டப்போறேன். கண்ணு தெரியல எனக்கு. திட்டு அக்கா."

ஒரு சங்கு. சின்னதாக, அடக்கமாக. பனிக்குள் எதிர்ப்படகு அடிக்குமே, அதே மாதிரி.

படகு பாறையில் மோதி உடைந்தது. யாருக்கும் தோல்வி பிடிக்கவில்லை என்பதால் உடனே தானாக ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா, நீங்க இன்னும் படகுலயா இருக்கீங்க?"

"ஆமாம்மா. அம்மா விரலைக் கொஞ்சம் அழுத்திவிடேன். சரியா படலையோ என்னவோ."

"அம்மா அழுத்தி அழுத்திப் பாத்தாங்க மாமா. அவங்க அழுத்தினா ஒண்ணும் வரல. அழுத்தாதப்போ அதுவே அடிக்குது. நீங்க சாப்பிட்டியான்னு கேட்டப்போ அம்மா இன்னும் சாப்பிடவே இல்ல. இல்லைன்னு ரெண்டு தடவை அழுத்தினாங்க. அது ஆமாம்னு அடிச்சிருச்சு. விரலை எடுத்துட்டாங்க மாமா. சுவத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. கூப்பிட்டா திரும்பல."

பல்செட்காரர் போனை மேஜைமேல் வைத்தார். மைக் இன்னும் திறந்திருந்தது.

"அக்கா, இருக்கியா?"

ஒரு சங்கு.

"நீ இல்லையா அக்கா?"

ஒரு சங்கு.

அவர் ஆட்டத்தை மூடினார். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று உற்சாகம் கேட்டது. திரையில் ஒரே ஒரு முகம்தான் வந்தது, மேல்வரிசையில் இரண்டு பல் அதிகமாகச் சிரிக்கிற முகம். மற்றவை ஜனரஞ்சகம் குறைந்து போயிருந்தன. அதை அழுத்தாமல் வெளியேற வழியில்லை. பல்செட்காரர் ஆள்காட்டி விரலைப் பொத்தான்மேல் வைத்தார். அழுத்தவில்லை. கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

முகம் சற்று நேரம் காத்திருந்தது. பிறகு, பதில் சொல்ல நேரமில்லாதவர்களின் வசதியை முன்னிட்டு, தன்னைத் தானே அழுத்திக்கொண்டது.